பணம் கட்டும் ஆய்விதழும் பக்கத்து ஊர் வேடியப்பன் கல்லும்

பென்னாகரம் பக்கத்திலிருந்து முதுகலைத் தமிழ் இரண்டாமாண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "அடுத்து பிஎச்.டி. சேர ஆசை. மொழி, இலக்கியம், பொருளாதாரம், தொழில்நுட்பம் எல்லாம் கலந்து ஆய்வு செய்தால்தான் மதிப்பு என்கிறார்கள். தருமபுரியில் இருந்துகொண்டு அப்படி என்ன தலைப்பு எடுப்பது? அப்புறம், எல்லாத் துறைக் கட்டுரையும் போடும் 'பன்னாட்டு ஆய்விதழ்' ஒன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. 1,500 ரூபாய் கட்டினால் மூன்றே நாளில் வெளியிட்டுச் சான்றிதழும் தருவார்களாம். போடலாமா?"

இரண்டாவது கேள்விதான் அவசரம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். பணத்தை அனுப்பாதீர்கள் அம்மா.

மூன்று நாளில் வெளியிடுகிறேன் என்பவர் உங்கள் கட்டுரையைப் படிக்கப் போவதில்லை. நல்ல இதழ் என்றால், துறை தெரிந்த ஒருவரோ இருவரோ கட்டுரையை வாங்கிப் படித்து, இங்கே சான்று போதவில்லை, அங்கே அவசரப்பட்டு முடிவுக்கு வந்திருக்கிறீர்கள் என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அதற்கே மாதக்கணக்கில் ஆகும். அந்த விளம்பரத்தில் ஐஎஸ்எஸ்என் எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்களே, அது எட்டு இலக்க அடையாள எண், அவ்வளவுதான். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. வண்டி ஓடுமா ஓடாதா என்று நம்பர் பிளேட் சொல்லாது. பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது 'யுஜிசி'யின் அங்கீகாரம் என்பதும் இப்போது செல்லாக்காசு. யுஜிசி-கேர் என்ற இதழ்ப் பட்டியலையே கைவிட்டதாக 2025 பிப்ரவரியில் அந்தக் குழு அறிவித்துவிட்டது. இன்னொன்று, ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற பொதுக் கட்டாயம் 2022 பிஎச்.டி. விதிமுறைகளில் எடுக்கப்பட்டுவிட்டது. அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு விதி வைத்திருக்கலாம், சேரும்போது கேட்டுக்கொள்ளுங்கள். முதுகலை படிக்கும் உங்களுக்கு எந்த அவசரமும் இல்லை.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம், நானே ஏமாந்தவன். கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில் பதவி உயர்வுக்குப் புள்ளிகள் குறைந்தன. அப்படி ஒரு இதழுக்குப் பணம் கட்டி, நடுகல் பற்றிய கட்டுரையை அனுப்பினேன். இதழ் வந்தது. என் கட்டுரைக்கு முன்னால் வங்கிக் கடன் பற்றி ஒன்று, பின்னால் கான்கிரீட் கலவை பற்றி ஒன்று. அது பரவாயில்லை. நான் 'தொறு' என்று எழுதிய இடத்திலெல்லாம் யாரோ பிழை என்று நினைத்து 'தெரு' என்று திருத்தியிருந்தார்கள். 'தொறு மீட்டுப் பட்டான்' என்பது 'தெரு மீட்டுப் பட்டான்' ஆகிவிட்டது. ஆக்கிரமிப்பு அகற்றப் போய் உயிரைவிட்ட வீரன் போல. சக ஆசிரியர்கள் ஒரு வருடம் சிரித்தார்கள்.

சரி, அந்தத் தொறுவிலிருந்தே உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்.

தொறு என்றால் மாட்டு மந்தை. நம் பக்கத்து நடுகற்களில் திரும்பத் திரும்ப வரும் சொல். பல்லவர் காலத்துக் கல் என்றால் பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் இருக்கும். அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வரும். பிறகு, இன்னாருடைய சேவகன் இன்னான் தொறு மீட்டுப் பட்டான் என்று முடியும். பட்டான் என்றால் இறந்தான். மேலே வில்லோ வாளோ ஏந்திய உருவம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட கற்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் இன்னும் நிற்கும் கற்கள் நம் ஊர்க்காரர்களுக்கு வேடியப்பன் சாமி. எண்ணெய் பூசி, மஞ்சள் குங்குமம் வைத்து, வருடத்துக்கு ஒருமுறை பொங்கலும் வைக்கிறார்கள். உங்கள் வகுப்பிலேயே வேடியப்பன் என்று ஒரு பையனாவது இருப்பான்.

அந்த ஒரு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று கல் நடும் முறையைத் தொல்காப்பியம் சொல்கிறது. மாட்டைக் கவரும் வெட்சியும் அதை மீட்கும் கரந்தையும் நீங்கள் பாடமாகவே படித்தது. அது இலக்கியம். தொறு, பட்டான் போன்ற சொற்களும் எழுத்தின் வடிவமும் மொழி. ஏன் எப்போது பார்த்தாலும் மாட்டுக்காகவே சாகிறார்கள், நெல்லுக்காக ஏன் ஒருவனும் சாகவில்லை என்று கேட்டால் பொருளாதாரம். நம்முடையது மானாவாரி மண், மேய்ச்சல் நிலம். செல்வம் என்பது நாலு காலில் நடந்துகொண்டிருந்தது. ஒரே இரவில் ஓட்டிக்கொண்டு போய்விடக்கூடிய செல்வம். கல்லைப் படமெடுத்து, தேய்ந்த எழுத்தை வாசிப்பது தொழில்நுட்பம். நீங்கள் எதையும் 'கலக்க' வேண்டியதில்லை. அந்தக் கல் ஏற்கெனவே கலந்துதான் நிற்கிறது.

(இடையில் ஒன்று. நம் எல்லை தாண்டினால் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் வீரன் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதற்குப் பெயரும் வெட்டியிருக்கிறார்கள், கோவிவன் என்று. கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதாம். நாய்க்குப் பெயர் எழுதிய ஊர்க்காரனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

நேரில் போகும்போது ஒரு விஷயம். உச்சி வெயிலில் கல்வெட்டு படிக்காதீர்கள். வெளிச்சம் நேராக விழுந்தால் தேய்ந்த கோடு தெரியவே தெரியாது. காலை ஏழு மணிக்குப் போங்கள், இல்லையென்றால் இருட்டிய பிறகு போய் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட கல்லோடு ஒட்டிப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். செல்போனில் நாலு பக்கமும் வெளிச்சத்தை மாற்றி மாற்றி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாக்பீஸ் போட்டுத் தேய்க்க வேண்டாம். நீங்கள் எழுத்து என்று நினைத்துத் தேய்த்த கோட்டைத்தான் அடுத்தவரும் படிப்பார். முக்கியமாக, பூசாரியிடம் கேட்காமல் எண்ணெயைத் துடைக்காதீர்கள். உங்களுக்கு அது ஆவணம், அவருக்கு அது குலதெய்வம்.

கல் வேண்டாம், எனக்கு மொழியியல்தான் பிடிக்கும் என்றால் உங்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. ஊர்ப்பெயர். மாரண்டஅள்ளி, கெரகோடஅள்ளி, பைசுஅள்ளி என்று நம் மாவட்டம் முழுக்க அள்ளி. இந்த அள்ளி எங்கிருந்து வந்தது? கன்னடத்தில் சுமார் பத்தாம் நூற்றாண்டு முதல் சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரம் ஹகரமாக மாற ஆரம்பித்தது. நம் பால் அவர்களுக்கு ஹாலு. புலி ஹுலி. பத்து ஹத்து. அதே வழியில் பள்ளி ஹள்ளி ஆனது. இங்கே பள்ளி என்றால் பள்ளிக்கூடம் இல்லை, சிற்றூர். அந்த ஹள்ளி நம் வாயில் விழுந்தபோது, நமக்கு ஹகரம் ஒட்டாது என்பதால் அதை உதிர்த்துவிட்டு அள்ளி என்றோம். பள்ளி, ஹள்ளி, அள்ளி. ஒரு சொல் தமிழ்ப் பக்கமும் கன்னடப் பக்கமுமாக நடந்து நடந்து தலையெழுத்தைத் தொலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பைசுஅள்ளிக்குக் கொஞ்ச தூரத்திலேயே நல்லம்பள்ளி பகரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் ஒகேனக்கல்லும் இதே கதைதான். நம் புகை கன்னடத்தில் ஹொகெ. நீர் விழுந்து புகைபோல எழும் கல், ஹொகேனக்கல். நாம் ஹகரத்தைக் கழற்றி ஒகேனக்கல் ஆக்கினோம். பரிசலில் போகும்போது அந்தச் சாரலைப் பார்த்திருப்பீர்கள். அடுத்தமுறை பார்க்கும்போது அது 'புகை' என்ற தமிழ்ச் சொல்லுக்குப் பங்காளி என்று ஞாபகம் வரும்.

இதை ஆய்வாக எப்படி ஆக்குவது? தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் உள்ள வருவாய்க் கிராமப் பெயர்களை எல்லாம் எடுத்து எக்செல்லில் ஏற்றுங்கள். பள்ளி, அள்ளி, பட்டி, ஊர், கோட்டை, குப்பம் என்று ஈறு பிரியுங்கள். கியூஜிஐஎஸ் என்று ஒரு வரைபட மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் ஒவ்வொன்றையும் புள்ளியாக வையுங்கள். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் அள்ளி எவ்வளவு அடர்த்தி, அரூர் பக்கம் போனால் பட்டி கூடுகிறதா, அந்த மாற்றம் எந்த இடத்தில் நடக்கிறது, அங்கே மலை இருக்கிறதா, ஆறு இருக்கிறதா, பழைய பாதை இருக்கிறதா என்று பாருங்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் சேர்ந்துகொள்ளும், அது தனி வேலை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. பள்ளி என்று முடியும் எல்லா ஊரையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். சமணத் துறவியர் தங்குமிடத்துக்கும் பள்ளி என்றுதான் பெயர்.

இதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று வரும், அதுவே ஒரு இயல் எழுதும் அளவுக்குப் பெரியது. ஒரே ஊரை ஒரு ஆவணம் ஹள்ளி என்று சொல்லும், இன்னொன்று அள்ளி என்று சொல்லும், பேருந்துப் பலகை இரண்டையும் சேர்த்து ஒரு புது எழுத்தில் எழுதும். ஆங்கிலத்தில் கேட்கவே வேண்டாம். 2020-ல் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் அரசாணை வந்தது. பலவிதமாகக் கிளம்பிய விமர்சனத்தில் சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். எழுத்துக்கூட்டு என்பது எவ்வளவு சூடான விஷயம் என்று அப்போது தெரிந்தது. நீங்கள் தட்டச்சு செய்வதெல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். 90-களின் கடைசியில் இதே ஊர்ப்பெயர் வேலையை நானும் தொடங்கினேன். அன்றைக்குக் கடையில் கிடைத்த ஒரு தமிழ் எழுத்துருவில் இரண்டு வருடம் உட்கார்ந்து ஏற்றினேன். கணினி மாறியது, எழுத்துரு போனது, திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் கிறுக்கல். நெகிழ்வட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைப் படிக்கும் கருவிதான் வீட்டில் இல்லை.

பொருளாதாரத்தைத் தமிழ் மாணவி எப்படித் தொடுவது என்று தயங்க வேண்டாம். தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே புழங்கும் சொற்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். பாராமகால் என்றால் நம் பகுதிதான். வரி வசூலை ஒழுங்குபடுத்த அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர் தாமஸ் மன்றோ, 1799 வரை இங்கே வேலை பார்த்தார். ஜமீன்தார் நடுவில் இல்லாமல், வயல் வயலாக அளந்து, உழுகிறவனிடம் நேராக வரி தீர்மானிக்கும் ரயத்துவாரி முறை அப்போது இங்கே உருவானது. பின்னால் மன்றோ சென்னையின் ஆளுநர் ஆனதும் அது மாகாணம் முழுக்கப் பரவியது. சென்னையில் சேணம் இல்லாத குதிரையில் சிலையாக உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். அன்றைய அதிகாரிகளின் கடிதங்களும் கணக்குகளும் பாராமகால் ஆவணங்கள் என்று பல பகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. வரலாற்றுக்காரர்களும் பொருளாதாரக்காரர்களும் அவற்றை எடுத்தாளுகிறார்கள். தமிழ்த்துறையிலிருந்து போகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அங்கே இருப்பது சொற்களின் புதையல். நிலவரியைக் குறிக்கும் கிஸ்தி அரபியிலிருந்து வந்தது. ஜமாபந்தி, தாசில்தார் இரண்டும் பாரசீக வழி. அடங்கல் நம்முடையது. இன்றைக்கும் உங்கள் அப்பா கடன் வாங்க வேண்டுமென்றால் விஏஓவிடம் போய்ச் சிட்டா, அடங்கல் என்றுதான் கேட்கிறார். எந்தச் சொல் எப்போது உள்ளே வந்தது, அதற்கு முன் அந்த வேலைக்கு நம்மிடம் என்ன சொல் இருந்தது, கல்வெட்டில் வரும் வரிப்பெயர்கள் எங்கே போயின? மூன்று வருடம் போதாது.

தக்காளி விலை, மாங்கூழ் ஆலைகளுக்கும் மா விவசாயிகளுக்கும் நடக்கும் விலைத் தகராறு, நிலத்தடி நீரில் ஃபுளூரைடு, இவையும் நம்மூர்ப் பாடங்கள்தான். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி ஒரு பருவம் ஏறினால் எல்லோரும் நடுவார்கள், அடுத்த பருவம் சாலையோரம் கொட்டுவார்கள். இதைச் சிலந்திவலைத் தேற்றம் என்று 1938-லேயே எசக்கியேல் என்ற பொருளாதார அறிஞர் விளக்கி எழுதியிருக்கிறார். ஃபுளூரைடு இங்குள்ள பாறைகளிலிருந்தே நீரில் கரைவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் கூடாது என்கிறார்கள். பல்லில் காவி ஏறியவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. குழாயில் காவிரித் தண்ணீர் வந்த பிறகும் ஒரு வீட்டில் குடிக்க எதை எடுக்கிறார்கள், சமைக்க எதை எடுக்கிறார்கள், ஏன் என்று ஐம்பது வீட்டில் பொறுமையாகக் கேட்டு எழுதினாலே நல்ல ஆய்வு. ஆனால் உங்கள் பயிற்சி தமிழ். இவற்றை எடுத்தால் வேறு துறையில் ஒரு வழிகாட்டியும் வேண்டும்.

வேறு துறையைக் கடன் வாங்கும்போது அவர்கள் எண் என்ன சொல்கிறது என்று புரிந்துகொண்டு வாங்குங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையை எடுத்துக்கொள்வோம். அகழாய்வில் கிடைத்த மாதிரிகளுக்குக் கி.மு. 2172, கி.மு. 1615 என்று காலம் வந்ததாக 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதன் பிறகு வந்த பல கட்டுரைகளில் '4,200 ஆண்டு பழமையான இரும்பு' என்று எழுதுகிறார்கள். ஆய்வகம் கணித்தது இரும்பின் வயதை அல்ல, அந்த மண்ணடுக்கில் கிடைத்த கரிமப் பொருளின் வயதை. உயிர் போன பிறகு அதில் கார்பன்-14 எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. இரும்பும் அந்தப் பொருளும் ஒரே அடுக்கில், கலையாமல், சேர்ந்து கிடந்தன என்று அகழ்ந்தவர் காட்டும்போதுதான் அந்த வயது இரும்புக்கும் பொருந்தும். இந்த ஒரு படியை விட்டுவிட்டு எழுதினால், நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

துறைகள் சேர்ந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, சங்க காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட நம் அதியமானே சாட்சி. அசோகனின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரர் என்றும் ஒருவர் வருகிறார். அது யார் என்று பல பத்தாண்டுகள் அடித்துக்கொண்டார்கள். 1981-ல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு குகையில் தமிழ்-பிராமி என்ற மிகப் பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்தது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று பொருள். ஒரே வரி. பட்டமும் பெயரும் ஒரே இடத்தில். அந்த அஞ்சி தகடூர்க்காரன், அதாவது இன்றைய தருமபுரிக்காரன் என்று தெரிந்தது சங்க இலக்கியத்தால். கல்வெட்டுக்காரர் இலக்கியம் படித்திருக்காவிட்டாலும், இலக்கியக்காரர் பிராமியைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலும் முடிச்சு அவிழ்ந்திருக்காது. அதற்காக நீங்களும் 'அதியமானும் நெல்லிக்கனியும்' என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தக் கனியை எல்லோரும் கடித்தாகிவிட்டது. அதே அதியமானின் முன்னோர் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்கிறது புறநானூற்றின் 99-ஆம் பாட்டு. பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை நிற்கும் மாவட்டத்தில், கரும்பின் கதையைச் சொல்லகராதியோடும் வேளாண் வரலாற்றோடும் சேர்த்து எழுத ஒரு ஆள் தேவை.

எதை எடுத்தாலும் முடிவு செய்யும் முன் சோத்கங்காவில் தேடிப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு விதமாகத் தேடுங்கள். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. நம் பகுதி 1965 வரை சேலம் மாவட்டம் என்பதால், பழைய ஆவணங்களைச் சேலம் என்ற பெயரில் தேடினால்தான் கிடைக்கும். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். இது தெரியாமல் ஒரு மாணவர் ஆறு மாதம் 'தருமபுரி கெசட்டியர் 1918' தேடிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு நான் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால் ஊர்ப்பெயரைக் கொடுப்பேன். செலவில்லை, தமிழ்தான் அடிப்படை, நீங்கள் வளர்ந்த இடம், கன்னடமும் காதில் விழுந்திருக்கும். அந்த 1,500 ரூபாயில் டவுன் பஸ்ஸில் எவ்வளவோ சுற்றலாம். வருகிற சனிக்கிழமை பென்னாகரம் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்று, வரும் வண்டிகளின் பலகையை எல்லாம் படமெடுங்கள். ஒவ்வொரு ஊரின் பெயரையும் அந்த ஊர்ப் பாட்டி ஒருவர் எப்படிச் சொல்கிறார் என்று பக்கத்தில் நின்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பலகையில் இருப்பது ஒரு பத்தி, பாட்டி சொன்னது இன்னொரு பத்தி, அரசு ஆவணத்தில் இருப்பது மூன்றாவது பத்தி. நாற்பது ஊர் சேர்ந்ததும் எழுதுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.